அறுநூற்றுப் பதினோரு அடி

டெல்மா ஒச்சோவாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. அவளைக் கேட்டால் பதினொன்று என்பாள். குடியை விட்ட நாளிலிருந்துதான் அவளுக்கு வயது ஏறுகிறதாம். அதற்கு முன்னால் இருந்தவளைப் பற்றிப் பேச்செடுத்தால், "அவ வேற ஒருத்தி. செத்துட்டா. அடக்கத்துக்குக்கூட யாரும் வரல" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

வால்நட் மேசா என்ற ஊரில், ஜூனிப்பர் தெருவில் இருக்கும் சோபர் ஹோமுக்கு அவள்தான் மேலாளர். குடியிலிருந்தும் போதை ஊசி, மாத்திரையிலிருந்தும் மீண்டு, சிகிச்சை முடித்து வெளியே வந்த பெண்கள், நேராகப் பழைய குழியிலேயே போய் விழாமல் கொஞ்ச காலம் சேர்ந்து வாழும் வீடு அது. ஆறு பெண்கள், ஏழாவது டெல்மா. டாக்டர் கிடையாது, நர்ஸ் கிடையாது. சுவரில் ஒட்டிய விதிகள் மட்டும் உண்டு. இரவு பத்து மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கு வாரம் நான்கு முறையாவது போக வேண்டும். கேட்டபோதெல்லாம், முகம் சுளிக்காமல், போதைச் சோதனைக்குச் சிறிய கோப்பையில் சிறுநீர் பிடித்துத் தர வேண்டும். குளியலறை கழுவும் முறை வந்தால் இடுப்பு வலி என்று சொல்லக் கூடாது. அந்த வீட்டில் எல்லோருக்கும் இடுப்பு வலிதான்.

டெல்மா பதினாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பாதி நாள் முந்தின இரவின் வோட்கா உடம்பில் மிச்சம் இருக்கும்போதே ஓட்டியிருக்கிறாள். ஒரு பிப்ரவரி மாதக் காலையில், பணிமனையில் சாவி வாங்கப் போனபோது மேற்பார்வையாளர் அவள் மூச்சை முகர்ந்துவிட்டார். அந்த பஸ் அன்று கிளம்பவில்லை. வேலை போயிற்று, உரிமம் போயிற்று, அதன் பின்னாலேயே புருஷனும் போனான். ஆனாலும் அந்த மேற்பார்வையாளர் நன்றாக இருக்க வேண்டும் என்று இன்றும் வேண்டிக்கொள்கிறாள். பஸ் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்க இன்றும் அவளுக்குத் துணிவில்லை. பிறகு மூன்று வருஷம் மோட்டல் அறைகள், தொண்ணூறு நாள் சிறை. நாற்பத்தேழாவது வயதில், மளிகைப் பையில் நாலு துணியோடு ஜூனிப்பர் தெருவுக்கு வந்தாள். ஒரு மாதம் என்று சொல்லி வந்தவள் போகவே இல்லை. மூன்றாம் வருஷம் பழைய மேலாளர் வேலையை விட்டபோது, வீட்டுச் சொந்தக்காரர் லெஸ்டர் சாவிக்கொத்தை இவளிடம் நீட்டினார்.

அவள் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. சிறையைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், இருபத்திரண்டு வயதிலிருந்து அந்த வீட்டுக்கு வெளியே ஒரே ஓர் இரவுகூட அவள் குடிக்காமல் தூங்கியதில்லை. வீடு இருக்கும்வரை அது வெறும் கணக்கு. வீடே போய்விடும் என்று நகராட்சிக் கடிதம் வந்த நாளிலிருந்து அது பயமாகிவிட்டது.

நகராட்சியின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. ஐந்தாறு வருஷத்தில் ஊரில் இப்படிப்பட்ட வீடுகள் பெருகிப் போயின. மூன்று அறையில் பதினெட்டுக் கட்டில் போட்டவர்கள் இருந்தார்கள். இன்சூரன்ஸ் பணம் நின்ற அன்றே ஆளைப் பெட்டியோடு நடைபாதையில் இறக்கிவிட்ட புண்ணியவான்களும் இருந்தார்கள். அந்த மாதிரி ஆட்களை அடக்கத்தான் சட்டம் வந்தது. ஆனால் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக, நல்ல வீடுகளும் அதில் மாட்டிக்கொண்டன. எல்லா வீடும் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆறு பேர், ஒரு மேலாளர், அதற்கு மேல் கூடாது. சிகரெட் புகை வேலி தாண்டக் கூடாது. இரண்டு காருக்கு மேல் தெருவில் நிற்கக் கூடாது. இதெல்லாம் டெல்மாவுக்குச் சம்மதம்தான். நகராட்சிக்கு முன்பே இதைவிடக் கடுமையாக அவள் விதி போட்டிருந்தாள். கடைசி விதிதான் கழுத்தைப் பிடித்தது. ஒரு சோபர் ஹோமுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே அறுநூற்றைம்பது அடி இருக்க வேண்டும்.

ஆய்வாளர் வந்த அன்று வீட்டில் எல்லோரும் கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி பரபரத்தார்கள். அவர் கட்டிலை எண்ணினார், தீ எச்சரிக்கை மணியை அமுக்கிப் பார்த்தார், மருந்துப் பெட்டிக்குப் பூட்டு இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

"உங்களோடது போக, கட்டில் ஆறுதானேம்மா?"

"எண்ணிக்கோங்க சார். கட்டிலுக்கு அடியிலயும் குனிஞ்சு பாருங்க. பாத்ரூம் கழுவுற நாள்ல ஜோலீன் அங்கதான் இருப்பா."

ஜோலீன் அந்த வீட்டிலேயே சின்னவள், இருபத்தாறு வயது, வாய் மட்டும் அறுபது. "அக்கா, வந்தவர் முன்னாடி மானத்தை வாங்காதீங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

ஆய்வாளர் சிரித்தபடி தாளில் ஒவ்வொரு கட்டமாகக் குறி போட்டுக்கொண்டே வந்தார். டெல்மாவுக்கு மூச்சு சீராகிக்கொண்டு வந்தது. கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.

"நான் பார்த்ததுலயே சுத்தமான வீடும்மா இது. ஆனா ஆல்டர் தெருவுல இன்னொரு சோபர் ஹோம் இருக்கே, அது உங்களுக்கு முன்னாடி பதிவாயிருக்கு. வேலிக்கு வேலி அளந்தா அறுநூத்துப் பதினோரு அடிதான் வருது."

"எங்க வீடு இங்க பத்தொன்பது வருஷமா நடக்குது. அவங்க வந்து எட்டு மாசம்தான் ஆச்சு."

"யார் முன்னாடி வந்தாங்கன்னு சட்டம் பாக்காது. யார் முன்னாடி பதிவு பண்ணாங்கன்னுதான் பாக்கும்."

பதிவுப் படிவம் நாலு மாதமாக லெஸ்டருடைய காரில், பழைய பார்க்கிங் சீட்டுகளுக்கு அடியில் தூங்கியிருந்தது. லெஸ்டரும் குடித்து மீண்டவர்தான், எழுபத்திரண்டு வயது, தங்கமான மனிதர். தங்கத்தை வைத்து என்ன செய்வது, தபாலில் போட வேண்டியதைத் தபாலில் போடத் தெரியவில்லையே. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

ஒரே ஒரு வழி இருந்தது. விதிவிலக்குக் கேட்டு மனுப் போடலாம். ஐந்து பேர் கொண்ட திட்டக்குழு பொது விசாரணை நடத்தி முடிவு சொல்லும். மறுத்துவிட்டால் முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். விசாரணை ஜூன் மாதம் என்று அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் நோட்டீஸ் போயிற்று. நோட்டீஸைப் பார்த்து முதலில் எழுந்தவர் அடுத்த வீட்டு ரஸ்ஸல் ஹால்டேன்.

ரஸ்ஸல் விமானம் பழுதுபார்க்கும் வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். டெல்மா வீட்டுக் குப்பைத்தொட்டி தெருவில் நின்றால் தானே உள்ளே இழுத்து வைப்பார். வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், குப்பைத்தொட்டி தெருவில் நின்றது என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதுவார். இப்படிப் பதினேழு கடிதம். இந்த முறை கடிதத்தோடு நிற்கவில்லை. மஞ்சள் சட்டை அச்சடித்துத் தெருவில் வீடு வீடாகக் கொடுத்தார். மார்பில் 'எங்கள் தெரு, எங்கள் குடும்பங்கள்' என்று எழுதியிருந்தது.

அவர் மனைவி கோரினும் ஒரு சட்டை போட்டுக்கொண்டாள். அங்கேதான் டெல்மாவுக்கு நாக்கு கட்டிப்போனது.

தேவாலயத்தின் பின்னறையில் செவ்வாயும் வெள்ளியும் மத்தியானக் கூட்டம் நடக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகள், தண்ணீர் மாதிரி காபி. யார் பேச எழுந்தாலும் முதலில் பெயரை மட்டும் சொல்லி, நான் குடிநோயாளி என்று சொல்வார்கள். இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து ஹாய் என்று அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்வார்கள். பிறகுதான் மற்ற பேச்சு. அங்கே பார்த்தவரை வெளியே பார்த்தால் தெரியாதவர் மாதிரி நடந்துகொள்ள வேண்டும். இதை எந்தச் சுவரிலும் ஒட்டத் தேவையில்லை, எல்லோருக்கும் எலும்பில் ஊறியது. பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் கடைசி நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள் அடுத்த வீட்டுக் கோரின். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அன்று மாலை வேலிக்கு இப்பக்கமும் அப்பக்கமும் நின்று செடிக்குத் தண்ணீர் விட்டார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை.

விசாரணைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது டெல்மா அந்தக் கூட்டத்தில் எழுந்து, யாருக்கும் சொல்லாததைச் சொல்லிவிட்டாள். வீட்டை மூடினால் தான் குடித்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது என்றாள். வேறு இடத்தில் தூங்கத் தனக்குத் தெரியாது என்றாள். கோரின் இருக்கிறாள் என்பதைப் பேசி முடித்த பிறகுதான் கவனித்தாள். கூட்டம் முடிந்து காபிக் கோப்பைகளைக் கழுவும்போது கோரின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ரஸ்ஸல் கெட்டவர் இல்ல டெல்மா."

"நான் எப்ப சொன்னேன்?"

"அவருக்கு இது தெரியாது. நானே மனசைத் திடப்படுத்திக்கிட்டு விட்டுட்டேன்னு நினைச்சிட்டு இருக்காரு. இங்க வர்றதை நீச்சல் வகுப்புன்னு சொல்லியிருக்கேன்."

"தலை காய்ஞ்சுல்ல வீட்டுக்குப் போறீங்க?"

கோரின் முதல் முறையாகச் சிரித்தாள். "வழியில பெட்ரோல் பங்க்ல தலையை நனைச்சுக்குவேன்." பிறகு சிரிப்பு போய்விட்டது. "குடிச்சவங்க பக்கத்துல இருந்தா நான் திரும்பவும் ஆரம்பிச்சிடுவேன்னு அவருக்குப் பயம். அதான் இந்த ஆட்டம் ஆடறாரு. உண்மையைச் சொன்னா என்னை நம்பறதையே விட்டுடுவாரோன்னு எனக்குப் பயம்."

"என் வாயால தெரியாது. போங்க, தலையை நனைச்சுக்கிட்டுப் போங்க."

டெல்மா சொன்னபடியே இருந்தாள். "அந்த ரஸ்ஸலோட வீட்டுல ஏதாவது ஓட்டை உடைசல் தெரியுமா, பக்கத்துலதானே இருக்கே?" என்று லெஸ்டர் கேட்டபோது, "அவங்க வீட்டுக் கூரையிலயா?" என்று கேட்டுப் பேச்சை முடித்துவிட்டாள். தன் வீட்டைக் காப்பாற்ற இன்னொருத்தியின் மானத்தை எடுத்துப் போட அவளுக்கு மனம் வரவில்லை. மனம் வரவில்லையே என்று அவ்வப்போது தன்மேலேயே எரிச்சல் வந்ததும் உண்மை.

விசாரணையில் பேச ஒருவருக்கு மூன்று நிமிஷம். லெஸ்டர் ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தார். அதில் சட்டப் பிரிவு எண்களே பாதி. சமையலறை மேஜையில் முட்டை வேகவைக்கும் கடிகாரத்தைத் திருகி வைத்துக்கொண்டு ஜோலீன் ஒத்திகை பார்த்தாள்.

"அக்கா, முதல்ல பேரும் விலாசமும். பதிவுக்கு வேணுமாம். அதை மறந்துடாதீங்க."

"ஏண்டி, என் பேரை நான் மறப்பேனா?"

"உங்களை நம்ப முடியாது. நேத்து என்னை ரெண்டு தடவை நாய் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க."

"நாய் கூப்பிட்டா வரும்."

நகரசபைக் கூடத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு நாற்காலி போதவில்லை. ஒரு பக்கம் முழுக்க மஞ்சள் சட்டை. பின்வரிசையில் டெல்மாவின் ஆறு பெண்களும் சர்ச்சுக்குப் போகிற உடையில் உட்கார்ந்திருந்தார்கள். குழுத் தலைவி திருமதி லின் ட்ரான், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர், நகராட்சி அதிகாரியிடம் தூரத்தைக் கேட்டார். நேர்கோட்டில் அறுநூற்றுப் பதினோரு அடி என்றார் அதிகாரி. தெருவழியே நடந்து போனால் எவ்வளவு என்று தலைவி கேட்டார். நடுவில் மதில் இருப்பதால் சுற்றிக்கொண்டு போக வேண்டும், இரண்டாயிரத்து நூறு அடி என்றார். "அப்ப முப்பத்தொன்பது அடி குறையுதுன்னு சொல்ற இந்த நேர்கோட்டுல யார் போய் வருவாங்க, பூனையா?" என்று தலைவி கேட்டார். சட்டத்தில் நேர்கோடு என்றுதான் இருக்கிறது என்று அதிகாரி தலைகுனிந்து சொன்னார். மனுவை நிராகரிக்கலாம் என்பது அலுவலகத்தின் பரிந்துரை.

ரஸ்ஸல் பேசினார். கத்தவில்லை, திட்டவில்லை. யார் வந்து போகிறார்கள் என்று தெரு மக்களுக்குத் தெரிவதில்லை, ஏதாவது நடந்தால் கூப்பிட ஒரு தொலைபேசி எண்கூட இல்லை என்றார். கடைசியில், "எங்க வீட்லயும் பாதுகாக்க வேண்டியவங்க இருக்காங்க" என்றார். அப்போது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. மஞ்சள் சட்டைகள் கை தட்டின. கோரின் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து டெல்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஒலிவாங்கியின் முன்னால் போய் நின்றாள். லெஸ்டர் எழுதிய காகிதத்தைப் பிரித்தாள். எதிரே வரிசையாக முகங்கள், பிளாஸ்டிக் நாற்காலிகள். பதினோரு வருஷமாக அப்படிப்பட்ட நாற்காலிகளுக்கு முன்னால் எழுந்து நின்றபோதெல்லாம் வாயில் வந்த வார்த்தைதான் இப்போதும் வந்தது.

"என் பேர் டெல்மா. நான் ஒரு குடிநோயாளி."

"ஹாய் டெல்மா" என்றது கூடம்.

பின்வரிசை ஆறு பெண்கள் மட்டும் சொல்லியிருந்தால் சரி. வாசலில் நின்ற காவலர் சொன்னார். முன்வரிசையில் டை கட்டி உட்கார்ந்திருந்த ஒருவர் சொன்னார். மஞ்சள் சட்டைகளுக்கு நடுவிலிருந்து இரண்டு ஆண் குரல் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, தெளிவாக, மணி அடித்த மாதிரி ஒரு பெண் குரல். சொன்ன பிறகுதான் கோரின் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரஸ்ஸல் திரும்பி அவளைப் பார்த்தார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் தான் கெட்டதோடு நிற்காமல் பக்கத்து வீட்டுக்காரியையும் சேர்த்து இழுத்துவிட்டது. பதினாலு மாதம் காப்பாற்றியதை ஒரு நொடியில் போட்டு உடைத்துவிட்டேனே என்று டெல்மாவுக்கு அழுகை முட்டியது. லெஸ்டர் எழுதிய பக்கத்தில் ஓர் எழுத்துக்கூடக் கண்ணில் தெரியவில்லை.

"விலாசமும் சொல்லுங்கம்மா" என்றார் தலைவி. அவர் குரலில் ஒரு மென்மை கூடியிருந்தது.

விலாசத்தைச் சொன்னாள். பிறகு கோரினை மறைக்க வாயில் வந்ததைச் சொன்னாள். "எங்க தெரு நல்ல தெருங்க. யார் எழுந்து நின்னாலும் ஹாய் சொல்லுவாங்க. அதுக்கு வேற அர்த்தம் ஒண்ணும் கிடையாது." கூடத்தில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. "எனக்கு எழுதிக் கொடுத்தது எல்லாம் மறந்துபோச்சு. எங்க வீட்ல ஆறு பேர் இருக்காங்க. காலைல அஞ்சரைக்கு நான் காபி போடுவேன். யாராவது எந்திரிக்கலேன்னா போய்க் கதவைத் தட்டுவேன். எங்க வேலை அவ்வளவுதான். எங்களை இருக்க விடுங்க." இரண்டு நிமிஷம் மிச்சம் இருக்கும்போதே வந்து உட்கார்ந்துவிட்டாள். ஜோலீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். ஜோலீன் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அதுவே முதல் தடவை.

எதிர்த்துப் பேசப் பெயர் கொடுத்தவர்களில் அடுத்த சீட்டு கோரின் ஹால்டேனுடையது. ரஸ்ஸல் தன் கையால் நிரப்பிக் கொடுத்த சீட்டு. கோரின் எழுந்தாள். மஞ்சள் சட்டையின் கீழ் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒலிவாங்கிக்கு நடந்தாள்.

"என் பேர் கோரின்." டெல்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "நானும்தான்."

"ஹாய் கோரின்" என்றார்கள். இந்த முறை குரல் இன்னும் கூடுதலாக இருந்தது.

"டெல்மா என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றாங்க. அவங்களுக்குப் பொய் சொல்ல வராது. நான் குடியை விட்டுப் பதினாலு மாசம் ஆகுது. அந்த வீட்டுக்குள்ள நான் ஒரு தடவைகூடப் போனதில்ல. ஆனா காலைல அஞ்சரைக்கு என் சமையலறை ஜன்னல்லேருந்து பார்த்தா அவங்க வீட்ல விளக்கு எரியும். எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் வராத நாள் உண்டு. அந்த விளக்கு எரியற வரைக்கும் தாங்கினாப் போதும்னு தாங்கியிருக்கேன். அது எரியாமப் போச்சுன்னா என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியல." திரும்பி மஞ்சள் வரிசையைப் பார்த்தாள். "ரஸ்ஸல், உங்ககிட்ட சொல்லியிருக்கணும். நீச்சல் எனக்கு வராது."

ரஸ்ஸல் தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வாக்கெடுப்பு சீக்கிரமே முடிந்தது. தூரம் என்றால் தூரம்தான் என்று ஒருவர் மட்டும் எதிர்த்தார். மற்ற நான்கு பேரும் விதிவிலக்குக்குச் சம்மதம். நிபந்தனைகள் உண்டு: சிகரெட் பின்முற்றத்தில் மட்டும், கார் இரண்டு மட்டும்; ரஸ்ஸல் கேட்டபடி எந்த நேரமும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண்ணை அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுக்க வேண்டும். டெல்மா தன் எண்ணை உரக்கச் சொன்னாள். எழுத்தர் பதிவு செய்துகொண்டார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. வெளியே வந்தபோது இன்னும் வெயில் இருந்தது. பெண்கள் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். லெஸ்டர் காரை எங்கே நிறுத்தினோம் என்று மறந்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். டெல்மா நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். இன்று என் கட்டிலில் தூங்குவேன், நாளையும் என் கட்டிலில் தூங்குவேன் என்று நினைத்தாள். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நாலு மாதமாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது.

"அக்கா, என்னக்கா உக்காந்துட்டீங்க, நெஞ்சு வலியா?"

"சந்தோஷம்டி. பழக்கம் இல்ல, அதான்."

ஹால்டேன் தம்பதியின் கார் அவர்களைத் தாண்டிப் போயிற்று. கண்ணாடிகளை ஏற்றியிருந்தார்கள். ரஸ்ஸல் நேராகப் பார்த்து ஓட்டினார், கோரின் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். டெல்மாவின் நிம்மதியில் அந்த ஓர் இடம் மட்டும் குத்திக்கொண்டே இருந்தது. அன்று படுத்ததும் தூங்கிப்போனாள் என்றாலும், காலையில் காபி போடும்போது முதலில் அடுத்த வீட்டு ஜன்னலைத்தான் பார்த்தாள். திரை இழுத்திருந்தது.

ஏழே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது. தெரியாத எண்.

"டெல்மாவா? பக்கத்து வீடு. ரஸ்ஸல்."

அவசரமாக வாசலை எட்டிப் பார்த்தாள். கார் இரண்டுதான் நின்றது. யாரும் முன்பக்கம் புகைக்கவில்லை. குப்பைத்தொட்டி உள்ளே இருந்தது.

"சொல்லுங்க சார். என்ன புகார்?"

"புகார் இல்ல. கோரின் கடைக்குப் போயிருக்கா. காரேஜ்ல என்னோட வைன் பாட்டில் இருக்கு. இருபத்து மூணு. பூட்டி, சாவியை என் பையிலயே வச்சிருந்தேன். அவளுக்குத் தெரியாதுன்னு நினைச்சேன். நேத்து கேட்டா, ஒவ்வொரு நாளும் தெரியும்ங்கறா. பதினாலு மாசமா அதைத் தாண்டித்தான் துணி துவைக்கப் போயிருக்கா. இதை என்ன பண்றதுன்னு தெரியல. குப்பையில போட்டா உங்க வீட்டுப் பொண்ணுங்க யாராவது... மன்னிச்சுக்கோங்க, தப்பாச் சொல்லிட்டேன்."

"தப்பே இல்ல சார். அவங்க எதுக்கு, நானே எடுத்துடுவேன். சிங்க்ல ஊத்துங்க. குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு, ஜன்னலையும் திறந்து வச்சுக்கிட்டு ஊத்துங்க."

"நீங்க கொஞ்சம் வர முடியுமா?"

"வரக் கூடாது சார். எனக்கு அந்த வாடையே ஆகாது. போன்ல கூட இருக்கேன். சிங்க் பக்கத்துல வச்சுட்டு ஆரம்பிங்க."

முதல் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஓடியது. அவர் ஒவ்வொரு பாட்டிலாக எண்ணினார், விமானத்தில் திருகாணி எண்ணுகிற மாதிரி. டெல்மா சமையலறைச் சுவரில் சாய்ந்து, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, ஜோலீன் ரொட்டியைக் கருக விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வைன் கொட்டும் ஓசை காதுக்குள்ளேயே கேட்டும் நாக்கில் ஒன்றும் ஊறவில்லை.

"பன்னெண்டு. இது எங்க இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு வாங்கினது."

"ஊத்துங்க சார்."

பதினேழாவதில் சத்தம் நின்றுவிட்டது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் ஆண் சத்தம் வராமல் அழ முயன்றால் எப்படி இருக்கும் என்று டெல்மாவுக்குத் தெரியும். தொலைபேசியைக் காதோடு இன்னும் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"டெல்மா," என்றார் கடைசியில். "இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். இங்கயேதான் இருக்கேன். அடுத்ததைத் திறங்க."